அடிக்கவில்லை என்று நாங்கள் சொன்ன மணி

சேதுராமனைப் பற்றி மலாக்காவில் நாலு பேரிடம் கேட்டால் நாலு கதை சொல்வார்கள். தெங்கேராவில் கேட்டால் அவன் பிறவி மேதை என்பார்கள். புக்கிட் பாருவில் கேட்டால் யாரோ ஒரு ஜெர்மன்காரனிடம் தொழில் கற்றான் என்பார்கள். சுத்தப் புளுகு. ஜெர்மன்காரனை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவனை மூன்று வயதுப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து எனக்குத் தெரியும், அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள். அதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். இந்தக் கதையில் பொய் சொன்ன வீடு எங்கள் வீடுதான்.

நானும் அவனும் ஒரே ரப்பர் தோட்டம், ஒரே லயம். என் அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அவன் அப்பா, அம்மா இருவரும் பால்வெட்டு. விடியுமுன்னே வேலைக்குப் போகும் அவன் அம்மா, இவனையும் இவன் அக்கா சாரதாம்பாளையும் எங்கள் வீட்டில் விட்டுப் போவாள். என்னைவிட ஏழு வயது சின்னவன். அப்போதே சந்தேகப் பிராணி. லயத்தில் எந்த வீட்டுக்கும் பூட்டு கிடையாது; பூட்டி வைக்க என்ன இருந்தது? இவன் மட்டும் தன் தகரப்பெட்டியின் மேல் ஒரு நூலைக் குறுக்கே கட்டி வைப்பான். யாராவது திறந்தால் நூல் அறுந்துவிடும். உள்ளே இருந்தது நாலு கோலிக்குண்டு.

"ஏன்டா, உன் கோலிக்குண்டை எந்த மகாராஜா திருட வரப்போறான்?" என்று கேட்டால், "திருட வேணாம்க்கா. தொட்டா எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்" என்பான்.

நாற்பத்தெட்டில் எனக்குக் கல்யாணமாகி மலாக்கா காஜா பேராங்கில் இருக்கும் கம்போங் செட்டி என்ற குடியிருப்புக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் நகராண்மைக் கழகத்தில் குமாஸ்தா. செட்டி ஜனங்களுக்குப் பெயர் நம் பெயர், சாமி நம் சாமி. பேச்சு மட்டும் மலாய். மாமியார் அன்னம் பேசியதை முதல் வருஷம் முழுக்க நான் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அவர் பேசியதையெல்லாம் இங்கே தமிழாக்கித்தான் சொல்கிறேன். மலாயில் அம்மாவை அழைப்பதுபோல அவரை 'மாக்' என்று கூப்பிடுவோம். நல்ல மனுஷி, ஆனால் கண் கூர்மை. கம்போங்கில் மற்ற பெண்களுக்கு நான் பத்து வருஷமானாலும் 'எஸ்டேட்காரி'தான். என் கையால் ஒரு கரண்டி காணாமல் போனால்கூட அது எந்தத் தோட்டத்துக்குப் போயிருக்கும் என்று யோசிக்கிற ரகம்.

சேதுராமன் ஐம்பதில் மலாக்காவுக்கு வந்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவும் தம்பியுமாகக் காஜா பேராங் சாலையில் ஒரு கடைக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கினார்கள். ஒரு மின்சாரக் காண்ட்ராக்டரிடம் வயர் இழுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. மாக் சமைத்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவான். அதிலேயே அவருக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

ஐம்பத்து நாலில் எங்கள் வட்டாரத்தில் திருட்டுத் தொடங்கியது. எல்லாம் பட்டப்பகலில். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ வீடே கிளம்பிப் போயிருக்கும் நேரம் பார்த்து வருவான். எந்த வீடு எப்போது காலியாகும் என்று தெரிந்தவன்தான் இதைச் செய்ய முடியும். ஆகவே எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டோம். பால்காரனை, துணி வெளுப்பவனை, பக்கத்து வீட்டுக்கு வந்த சம்பந்தியை. "எங்கே, குடும்பத்தோட கிளம்பிட்டீங்களா?" என்று யாராவது அன்பாகக் கேட்டால்கூடத் திரும்பிப் போய்க் கதவை இழுத்துப் பார்த்தோம்.

சேதுராமன் அப்போதுதான் ஒரு சாமான் செய்திருந்தான். பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஒரு மின்சார மணி, ஒரு பெரிய பேட்டரி, கொஞ்சம் வயர், இரண்டு பித்தளைத் தகடு. ஜன்னல் திறந்தால் தகடுகள் ஒன்றையொன்று தொடும், மணி அடிக்கும். மூடினால் நிற்கும். நான்தான் மாக்கிடம் பேசி அவனை எங்கள் வீட்டுக்குள் கூட்டிவந்து அதை மாட்டச் சொன்னேன். நான்தான். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

அடுத்த வருஷம் ஜனவரி, போகி.

செட்டி வீடுகளில் போகியன்று பர்ச்சு போடுவார்கள். செத்துப்போன மூத்தவர்களுக்கு வாழையிலை விரித்து, அவரவருக்குப் பிடித்த பதார்த்தமெல்லாம் வைத்து, விளக்கேற்றிக் கும்பிடுவது. கும்பிட்ட பிறகு வீட்டார் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். முன்கதவை ஒருக்களித்து வைப்போம். அவர்கள் வந்து சாப்பிட்டுப் போகும்வரை உள்ளே யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு இலைக்குப் பக்கத்தில் நின்று முறைத்தால் யார் சாப்பிடுவார்கள்?

அந்த வருஷம் புதிதாக ஓர் இலை விழுந்தது. என் மாமனார் சொக்கப்பனுடைய இலை. ஜப்பான்காரன் அவரைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. செத்தார் என்று சொல்ல ஆள் இல்லை, பிழைத்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை. இலை போட்டால் செத்துவிட்டார் என்று நாமே சொன்னதாகிவிடும் என்று மாக் அத்தனை வருஷமும் போடவில்லை. அந்தப் போகிக்குத்தான், என்ன தோன்றியதோ, கூனி இறால் சம்பாலும் அன்னாசிப்பழக் குழம்பும் தனியாகச் செய்து கடைசியில் ஓர் இலை போட்டார்.

பிறகு மாக், என் வீட்டுக்காரர், நான், மூன்று பேரும் முன்முற்றத்தில் போய் உட்கார்ந்தோம். உச்சி வெயில். மற்ற வீடுகளிலும் அவரவர் பர்ச்சு. கம்போங்கே சத்தமில்லாமல் இருந்தது.

உள்ளே மணி அடித்தது.

சின்னதாகத்தான் அடித்தது. ஏழெட்டு நொடி, உடனே நின்றுவிட்டது. நான் எழுந்துவிட்டேன். மாக் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அந்தப் பிடி இன்னும் எனக்கு வலிக்கிறது.

"ஜாங்கான்! போகாதே. வந்துட்டார்."

அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் சிரிக்கிறது. என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்வேன்? உட்கார்ந்தேன். ஒரு மனுஷன் நிதானமாகச் சாப்பிட்டு எழும் நேரம் போயிற்று. மறுபடியும் மணி அடித்தது. நின்றது.

"போறார்" என்றார் மாக். மூன்று பேரும் கும்பிட்டோம்.

மறுநாள் பொங்கல். கோயிலுக்குப் போக மாக் அலமாரியைத் திறந்தார். கெபாயாச் சட்டையில் குத்தும் மூன்று கெரோசாங் ஊசிகள், இடுப்புச் சங்கிலி, என் அம்மா எனக்குப் போட்ட அட்டிகை, ஒன்றுமில்லை. அலமாரிப் பூட்டு அழகாகத் திறந்து அழகாக மூடியிருந்தது.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார். வயரைக் கண்டதும், "இது என்ன?" என்று கேட்டார். சொன்னோம். "மணி அடித்ததா?"

மாக் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "அடிக்கவில்லை."

இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தன் அம்மாவைப் பார்த்தார். "அடிக்கலை, சார்." பிறகு என் பக்கம் திரும்பினார். நான் தலையை மட்டும் மாக் சொன்ன பக்கம் ஆட்டினேன்.

வெட்கத்தினால் மாக் பொய் சொன்னார் என்று அப்போது நினைத்தேன். திருடன் உள்ளே அள்ளிக்கொண்டிருக்க நாங்கள் வெளியே கும்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஊரே சிரிக்காதா? ஆனால் அன்று மத்தியானம் சமையற்கட்டில் அவர் எனக்கு மட்டும் சொன்னார்: "அந்த மணி என் புருஷனுக்கு அடிச்சது. போலீஸ் புத்தகத்துல எழுதறதுக்கு இல்ல. நகை வேற எப்பவோ போயிருக்கும்."

சேதுராமன் சேதி கேட்டு ஓடிவந்தான். நேரே போய் ஜன்னலைத் திறந்தான். மணி கணீரென்று அடித்தது. மூடினான், நின்றது. மறுபடி திறந்தான்.

"இப்ப அடிக்குதே! அப்ப ஏன் அடிக்கல?" என்று என்னைக் கேட்டான். நான் அடுப்பைப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டருக்கு அது போதும். வயர் போட்டவன் இவன். எந்தத் தகட்டை வளைத்தால் அடிக்காது என்று தெரிந்தவன் இவன். திருட்டு முடிந்த பிறகு வந்து சரிசெய்தவனும் இவன். இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்து விசாரித்தார்கள். அறையைப் பிரித்துப் போட்டுத் தேடினார்கள். ஒன்றும் அகப்படாமல் விட்டுவிட்டார்கள். ஆனால் ஏட்டில் அவன் பெயர் ஏறிவிட்டது. காண்ட்ராக்டர், "வீட்டுக்குள்ள போற வேலைக்கு உன்னை எப்படி அனுப்புவேன்? வேற இடம் பாரு" என்று கையை விரித்துவிட்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "மணி மாட்டறேன்னு வந்து வீட்டை நோட்டம் பார்த்திருக்கான்" என்றார்கள். அடுத்த வரியையும் சொன்னார்கள், என் காதுபடவே: "கூட்டிக்கிட்டு வந்தது யாரு? எஸ்டேட்காரிதானே?"

அதோடு என் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவனுக்காகப் பேசினால் பங்கு வாங்கினவள் என்று என் தலையில் விழும். அதனால் நானும் சேர்ந்து சந்தேகப்பட ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். மணி அடித்தது எனக்குத் தெரியும். ஆனாலும், பர்ச்சு நேரத்தில் நாங்கள் எழுந்து வரமாட்டோம் என்று தெரிந்தவன் யார்? ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் சாப்பிட்டவன்தானே? இப்படி நினைக்க நினைக்க எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகத் தூக்கம் வந்தது. கோயிலில் சாரதாம்பாளைப் பார்த்தால் சாமியைப் பார்க்கமாட்டேன். அவள் கழுத்தைப் பார்ப்பேன், எங்கள் அட்டிகை மின்னுகிறதா என்று. அவள் கழுத்தில் மஞ்சள் கயிறுகூட இல்லை. வந்த வரனும் தம்பி மேல் விழுந்த பேச்சினால் திரும்பிப் போய்விட்டது.

அவன் ஊரைவிட்டு ஓடுவான் என்று எதிர்பார்த்தேன். ஓடியிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். ஆனால் பயல் இரண்டு மாதம் கழித்து ஒரு பழைய சைக்கிளில் பிஸ்கட் டின்களைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கிளம்பினான். ஒவ்வொரு டின்னுக்குள்ளும் ஒரு மணி, பேட்டரி, ஒரு சுருள் வயர், தகடு, ஆணி, ஒரு தாள். தாளில் படம் போட்டு, எதை எதோடு சேர்ப்பது என்று தமிழிலும் மலாயிலும் எழுதியிருந்தான். சீனத்தில் எழுத ஒரு மருந்துக்கடைக்காரரைப் பிடித்திருந்தான்.

வீட்டுக்கு வெளியே கேட்டருகில் நின்று சொல்வான்: "நான் உள்ள வரமாட்டேன். என்னை நம்பவும் வேணாம். நீங்களே மாட்டிக்குங்க. எந்த ஜன்னல், எந்தக் கதவுன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

முதலில் வாங்கியவர் தெங்கேராவில் மளிகைக் கடை வைத்திருந்த அப்பாசாமி. அவர் தன் பெண்டாட்டியையே நம்பாத மனுஷர். சட்டைப் பையில் கைவிட்டபடியே தூங்குவார் என்று கேள்வி. திருடன் என்று பெயரெடுத்தவனிடமே திருட்டுமணி வாங்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "மத்தவன் வந்து மாட்டினா அவனுக்கு இடம் தெரியும். இவன் மாட்டலியே! அப்ப எனக்கு இவன்தான்யா நம்பிக்கை" என்றாராம். வாங்கிப் போய் வாரத்துக்கொரு ஜன்னலாக இடம் மாற்றினார். ஒருநாள் எங்கே வைத்தோம் என்று மறந்துபோய்த் தானே ஜன்னலைத் திறக்க, மணியடித்து, தெங்கேராவே கம்போடு ஓடிவந்தது. அவருக்கு மானம் போயிற்று. சேதுராமனுக்கு அன்றைக்கே பத்து டின் போயிற்று.

அவனிடம் ஒரு பிடிவாதம் உண்டு. வாங்கினவர் யாராவது, "தம்பி, நான் பின்கட்டுல அலமாரிக்குப் பக்கத்துல..." என்று சொல்ல ஆரம்பித்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். "சொல்லாதீங்க! சொன்னா நாளைக்கு என் தலை உருளும்." அதைப் பார்த்தே பாதிப் பேர் நம்பினார்கள். ஊர் அவன்மேல் பட்ட சந்தேகத்தையே டின்னில் போட்டு ஊருக்கு விற்றான். சாமர்த்தியம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஐம்பத்தேழு ஆகஸ்டில் மெர்டேக்கா. சுதந்திரக் கொண்டாட்டம் பார்க்க மலாக்காவே பண்டார் ஹிலிர் திடலுக்குக் கிளம்பப்போகிறது. வீடுகளெல்லாம் காலியாக இருக்கும். ஒரு மாதம் முன்பிருந்தே காஜா பேராங்கில் அவன் பிடித்திருந்த கடைவாசலில் கூட்டம். 'சேது காவல் மணி - வீட்டுக்காரரே மாட்டலாம்' என்று பலகை வேறு. சாரதாம்பாளும் இன்னும் ஆறு பெண்களும் உட்கார்ந்து டின் அடைத்தார்கள். நான் எதிர்க்கடையில் காய் வாங்குகிற சாக்கில் நின்று யார் யார் போகிறார்கள் என்று பார்ப்பேன். இவ்வளவுக்கும் முதல் எங்கிருந்து வந்தது? எங்கள் இடுப்புச் சங்கிலியா? அப்படித்தான் என்னை நானே கேட்டுக்கொண்டேன். காண்ட்ராக்டரிடம் சம்பளத்துக்குப் பதிலாக வாங்கிய பழைய வயர்ச் சுருள்களை வைத்துத்தான் அவன் தொடங்கினான் என்று ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

அங்கே டின் அடைக்கும் பெண் ஒருத்தி எனக்குப் பழக்கம். அவள் சொன்னாள்: "முதலாளி ஒவ்வொரு மணியையும் அவரே மூணு தடவை அடிச்சுப் பார்த்தாத்தான் மூடுவாரு அக்கா. 'ஒரு வீட்டுல என் மணி அடிக்காம போச்சு, ஏன்னு இன்னும் எனக்குத் தெரியல'ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. ராத்திரி அந்த மாதிரியே ஒண்ணு செஞ்சு பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்கிறாராம். சாரதாம்பா அக்கா சொல்லி அழுவுது."

வாங்கிய கீரையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஐம்பத்தொன்பதுக்குள் மூவார், சிரம்பான், பத்து பகாட் என்று ஏஜெண்டுகள் வந்துவிட்டார்கள். அறுபதில் ஒரு பெரிய தோட்டக் கம்பெனி, தன் துரைமார் பங்களாக்களுக்கெல்லாம் சேது மணி வேண்டும் என்று கேட்டது. ஒரே நிபந்தனை: காவல் சாமான் விற்பவன் யோக்கியன் என்று போலீஸ் கடிதம் வேண்டும். போய்க் கேட்டான். ஏட்டைப் புரட்டினார்கள். 1955, காஜா பேராங், சந்தேக நபர். தான் மாட்டிய மணியைத் தானே செயலிழக்கச் செய்திருக்கலாம்.

கடிதம் இல்லை என்பது மட்டுமா? சேதி ஏஜெண்டுகளுக்கும் போயிற்று. சிரம்பான்காரர் டின்களைத் திருப்பி அனுப்பினார். பத்து பகாட்காரரும் அனுப்பினார். அந்த ஆறு பெண்களில் நாலு பேரை அவர்கள் வீட்டில் வேலைக்கு விடவில்லை. அப்பாசாமிகூட வயரைக் கழற்றிவிட்டதாகக் கேள்வி. இன்னும் ஒரு மாதம் போனால் பலகையை இறக்க வேண்டியதுதான் என்று ஊரே பேசியது.

அந்த வாரம் ஒரு காலையில் மாக் முன்பக்கம் உட்கார்ந்து முளைப்பயறுக்கு வால் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அன்று லீவில் வீட்டில்தான் இருந்தார். சேதுராமன் வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். ஐந்து வருஷத்தில் தலை பாதி நரைத்திருந்தது. முப்பத்து மூன்றோ என்னவோதான் வயது.

"மாக்," என்று மலாயில் கூப்பிட்டான். "ஒண்ணே ஒண்ணு கேட்க வந்தேன். நகை எடுத்தது யாருன்னு கேட்க வரல. அன்னைக்கு மணி அடிச்சதா இல்லையா? அது மட்டும் சொல்லுங்க."

மாக் பயறைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"அடிக்கலேன்னா நான் கடையை மூடிடறேன். அடிக்காத மணியை இத்தனை வீட்டுக்கு வித்திருக்கேன்னா அது பாவம். ஆனா நான் அதை எத்தனையோ தடவை செஞ்சு பார்த்துட்டேன். அடிக்காம இருக்க வழியே இல்லை, மாக். பின்ஜன்னலைத் திறந்தா அடிச்சே ஆகணும்."

மாக் கை நின்றது. "பின்ஜன்னலா?"

"ஆமா. சமையற்கட்டுக்குப் பின்னால இருக்கே, அது. அது ஒண்ணுலதானே நான் மாட்டினேன்."

"முன்கதவுல?"

"முன்கதவுல இல்லையே. நீங்கதான் மாட்டக்கூடாதுன்னு சொன்னீங்க. போகிக்கும் திதிக்கும் மூத்தவங்க வர்ற வாசல், அதுல கம்பி கிம்பி வேணாம்னு. மறந்துட்டீங்களா?"

மாக் மறந்துதான் போயிருந்தார். நானும்தான். அந்த மணி எங்கே கட்டியிருந்தது என்று இத்தனை வருஷத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. மாக் முகம் போன போக்கைப் பார்த்து நான் பயந்துபோய் அவர் தோளைப் பிடித்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"என் புருஷன் வந்தா முன்கதவு வழியாத்தான் வருவார்" என்றார் மெல்ல. "அவர் கட்டின வீடு. பின்ஜன்னல் ஏறிக் குதிக்க அவருக்கு என்ன தலையெழுத்து?"

"அதானே, மாக்" என்றான் சேதுராமன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாக் சொன்னதற்கு மரியாதையாகத் தலையாட்டினான், அவ்வளவுதான். "முன்கதவு சும்மா திறந்துதானே இருந்திருக்கும்? அவர் வந்திருந்தா சத்தமில்லாம வந்துட்டுப் போயிருப்பாரு."

மாக் முறத்தைக் கீழே வைத்தார். எழுந்து கேட்டருகே போனார்.

"அடிச்சது. ரெண்டு தடவை அடிச்சது. அவர்தான்னு நினைச்சு நான் இவங்களைப் போகவிடல."

சேதுராமன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு அப்படியே சாக்கடைத் திட்டில் உட்கார்ந்துவிட்டான். "அடிச்சதா?" என்றான். "அடிச்சதா?" தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான், முகத்தைச் சட்டையில் புதைத்துக்கொண்டு அழுதான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மாக் யாரையும் சட்டை செய்யவில்லை. உள்ளே போய் நல்ல கெபாயா உடுத்திவந்தார். பித்தளை ஊக்குதான் குத்தியிருந்தார், கெரோசாங் ஏது?

நாங்கள் நாலு பேருமாக ஸ்டேஷனுக்குப் போனோம். புது இன்ஸ்பெக்டர். "ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஏன் அடிக்கவில்லை என்று சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

"அன்னைக்கு என் புருஷன் வந்தார்னு நம்பினேன்" என்றார் மாக். "வந்தது திருடன். அவன் வேலையை முடிச்சுட்டுப் போற வரைக்கும் கைகூப்பிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதிக்கோ. இந்தப் பையன் பேரை அடி."

பக்கத்து மேசையில் ஒரு போலீஸ்காரன் சிரித்துவிட்டான். மாக் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான், அவன் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டான். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். அந்தத் திருடன் யார் என்று இன்றுவரை தெரியாது. பர்ச்சு நேரம் தெரிந்தவன் என்றால் கம்போங்கில் எல்லாரும்தான். அதற்குப் பிறகு எவர் வீட்டிலும் எனக்கு மனசாரத் தேநீர் இறங்கியதில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் மாக் அவனை விடவில்லை. இழுத்துப்போய் இலை போட்டு, "சாப்பிடு, இளைச்சுப் போயிட்டே" என்று தன் கையால் பரிமாறினார். பழையபடி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "நம்பிக்கையில சொன்னது, மாக். விடுங்க" என்று அவருக்கே ஆறுதல் சொன்னான். கிணற்றடியில் கை கழுவ வந்தபோது நான்தான் செம்பில் தண்ணீர் ஊற்றினேன்.

"அக்கா, மாக் நம்பினாங்க, அதனால சொல்லல. அண்ணன் அம்மா பேச்சைத் தாண்ட மாட்டாரு" என்றான் கையைப் பார்த்துக்கொண்டே. "நீங்க நம்பினீங்களா, வந்தது மாமான்னு?"

"இல்லடா."

"அப்ப திருடன்னு அன்னைக்கே தெரியும்."

"பயந்துட்டேன், சேது. உன்னைக் கூட்டிட்டு வந்தவ நான்தானே? என்னையும் சேர்த்துச் சொல்லுவாங்களேன்னு பயந்துட்டேன்."

"போலீஸ்ல சொல்லியிருக்க வேணாம். மாக்கை எதிர்த்துப் பேசியிருக்கவும் வேணாம். ஒருநாள் கடைப்பக்கம் வந்து, 'டேய், உன் மணி அடிச்சதுடா'ன்னு எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே. நான் யார்கிட்டயும் போயிருக்க மாட்டேன். எனக்கு அது தெரிஞ்சிருந்தா போதுமே."

எத்தனையோ நாள் எதிர்க்கடையில் நின்றிருக்கிறேன். சாலையைக் கடந்தால் பத்து அடி.

கடிதம் கிடைத்தது, பங்களாக்களுக்கு மணி போயிற்று, திருப்பி அனுப்பிய ஏஜெண்டுகள் வெட்கமில்லாமல் திரும்பி வந்தார்கள். சாரதாம்பாளுக்கு மூவார் ஏஜெண்டின் தம்பியோடு கல்யாணமாயிற்று. இப்போது அவன் கம்பெனியில் நாற்பது பேர். போகிக்கு மாக்குக்குச் சேலையும் கெபாயாத் துணியும் வந்துவிடும், என் வீட்டுக்காரரைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி, "பசியாறிட்டீங்களா அண்ணே?" என்பான். என்னைக் கண்டாலும் நிற்பான், மரியாதையாகத் தலை குனிந்து, "சௌக்கியமா, மிசஸ் ஏகாம்பரம்?" என்று கேட்பான். அன்றைக்குக் கிணற்றடியோடு அவன் என்னை அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான்.